தெருவிலிருந்து வீட்டிற்கு: பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சிறுவர் மீட்புப் பணி

சிறுவரைத் தெருவினின்றும் தொழிற்கூடத்தினின்றும் மீட்கும் பணி திருச்சபைக்குப் புதியதன்று. அனாதை இல்லம், விடுதிப் பள்ளி, இரவுப் பள்ளி எனப் பல வடிவங்களில் இப்பணியை நாம் கண்டும் ஆற்றியும் வருகிறோம். எனினும் 'மீட்பு' என்னும் சொல்லை இப்பணிக்கு வழங்கும்போது, அச்சொல்லால் எதனைக் குறிக்கிறோம் என்று நின்று எண்ணிப் பார்ப்பது அரிது. ஒரு சிறுவன் எப்பொழுது மீட்கப்பட்டவனாகிறான்? தெருவை விட்டு ஓர் இல்லத்தின் வாயிலுக்குள் வரும்பொழுதா? எழுதப் படிக்கக் கற்கும்பொழுதா? அவனை வேலைக்கு வைப்பது குற்றம் எனச் சட்டம் இயற்றப்படும்பொழுதா? இவையெல்லாம் நிறைவேறிய பின்னும் எஞ்சி நிற்பது ஏதேனும் உண்டா?

இக்கேள்விகளுக்கு விடை காணப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வரலாற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, பள்ளி, சட்டம், இல்லம் என்னும் மூன்று வழிகளும் அங்குச் சோதித்துப் பார்க்கப்பட்டன. அவற்றின் பலனும் குறையும் ஆவணங்களில் தெளிவாகப் பதிந்துள்ளன. இரண்டாவது, சென்னை மாகாணத்தில் பின்னர் உருவான சிறுவர் சட்டங்களுக்கும் நிறுவனங்களுக்கும் உரிய வேர்களில் முக்கியமானது அங்கேயே உள்ளது.

1. ஆறு நாள் உழைப்பும் ஒரு நாள் பள்ளியும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் நூற்பாலைகள் பெருகின. அறுந்த நூலை முடிவதற்கும், ஓடும் இயந்திரத்தின் அடியில் புகுந்து பஞ்சுத் தூசியைப் பெருக்குவதற்கும் சிறிய உடலும் சிறிய விரல்களும் ஆலை முதலாளிகளுக்கு வசதியாயிருந்தன. ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பு அந்நாளில் அந்தந்தச் சேகரத்தைச் சார்ந்தது. தம் பொறுப்பிலிருந்த அனாதைச் சிறுவரைத் 'தொழில் பயிலுவோர்' என்னும் பெயரில் தொலைவிலுள்ள ஆலைகளுக்கு அனுப்பி, சேகரங்கள் தம் செலவைக் குறைத்துக்கொண்டன. தரும காரியமாகத் தொடங்கியது சிறுவரை விற்பதற்கு ஒப்பானதாக முடிந்தது.

1802ஆம் ஆண்டு இச்சிறுவரின் வேலை நேரத்தை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமாக வரையறுத்து ஒரு சட்டம் பிறந்தது. ஆலைகளைப் பார்வையிட இருவரை நியமிக்குமாறு அச்சட்டம் கூறிற்று. அவ்விருவரில் ஒருவர் நீதிபதியாகவும் மற்றவர் குருவானவராகவும் இருத்தல் வேண்டும். ஊதியமோ முழுநேரப் பொறுப்போ இல்லாத இப்பார்வையாளர் ஏற்பாடு பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. சட்டம் தன் கையில் தந்த பொறுப்பைத் திருச்சபை எவ்வளவு எளிதாக நழுவவிட்டது என்பதற்கு இது ஒரு சான்று.

இதற்கு முன்பே, 1780ஆம் ஆண்டில், குளஸ்டர் நகரில் செய்தித்தாள் நடத்திவந்த ராபர்ட் ரெய்க்ஸ் என்பவர் ஓய்வுநாள் பள்ளியைத் தொடங்கியிருந்தார். அந்நகரத்துக் குண்டூசித் தொழிற்கூடங்களில் வாரத்தில் ஆறு நாள் உழைத்த சிறுவர், ஏழாம் நாளில் தெருக்களில் கட்டுப்பாடின்றித் திரிந்தனர். அவர்களைக் கூட்டி, ஊதியம் பெறும் ஆசிரியைகளைக் கொண்டு வாசிக்கக் கற்பித்தார். அவரே முதல்வர் அல்லர். ஆயினும் தம் செய்தித்தாளின் வாயிலாக இம்முயற்சியை நாடெங்கும் அறியச் செய்தவர் அவரே. 1831ஆம் ஆண்டளவில் ஓய்வுநாள் பள்ளிகளில் பயின்ற சிறுவரின் தொகை பன்னிரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டதெனக் கணக்கிடப்படுகிறது.

உழைக்கும் மக்களுக்கு எழுத்தைத் திறந்துவிட்ட பெருமை இப்பள்ளிகளுக்கு உண்டு. ஆயினும் இவற்றின் எல்லையையும் நாம் காணவேண்டும். ஓய்வுநாளில் எழுதக் கற்பிப்பது அந்நாளின் புனிதத்தைக் குலைக்குமா என்று பல சபைகள் நெடுங்காலம் வாதிட்டன. அதே சிறுவர் மற்ற ஆறு நாளும் என்ன ஆயினர் என்பது பற்றி அத்தகைய வாதம் எழவில்லை.

2. கந்தைப் பள்ளிகள்

ஓய்வுநாள் பள்ளிக்கும் வர இயலாத சிறுவர் இருந்தனர். உடுக்க உடையும் கழுவ நீருமின்றி அழுக்கோடு திரிந்த அவர்களை ஒழுங்கான பள்ளிகள் ஏற்கவில்லை. இவர்களுக்காகத் தோன்றியவையே கந்தைப் பள்ளிகள்.

இவற்றின் முன்னோடியாகப் போர்ட்ஸ்மத் நகரத்துச் செருப்புத் தைப்பவரான ஜான் பவுண்ட்ஸைக் குறிப்பிடுவது மரபு. 1766இல் பிறந்த இவர், கப்பல் கட்டும் துறையில் தொழில் பயின்றுகொண்டிருந்தபோது பதினைந்தாம் வயதில் தவறி விழுந்து நிரந்தர ஊனமுற்றார். தாமே உழைக்கும் சிறுவனாயிருந்து உடல் முறிந்தவர் அவர். தம் சிறு கடையில், செருப்பைத் தைத்துக்கொண்டே, தெருச் சிறுவருக்கு வாசிப்பும் கணக்கும் சமையலும் செருப்புச் செப்பனிடுதலும் கற்பித்தார். வர மறுத்த சிறுவனைச் சூடான உருளைக்கிழங்கைக் காட்டி அழைத்தார் என்பர். கூலி எதுவும் பெறவில்லை. 1839ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர் இறந்தார்.

இலண்டனில் 1835இல் நிறுவப்பட்ட நகர நற்செய்திச் சங்கத்தின் ஊழியர் சேரிகளில் இத்தகைய பள்ளிகளை நடத்தினர். குதிரை லாயங்களிலும் இரயில் பாலங்களின் வளைவுகளுக்கு அடியிலும் வகுப்புகள் கூடின. 1843இல் இவற்றுள் ஒன்றைப் பார்வையிட்ட எழுத்தாளர் சார்ல்ஸ் டிக்கன்ஸ், தாம் கண்டதைப் பொதுமக்கள் அறியச் செய்தார். 1844 ஏப்ரலில் கந்தைப் பள்ளிச் சங்கம் உருவாயிற்று. பின்னர் ஷாப்ட்ஸ்பரி பிரபு என வழங்கப்பட்ட ஆஷ்லி பிரபு அதன் தலைவராகி, 1885இல் இறக்கும்வரை அப்பொறுப்பிலிருந்தார். இப்பள்ளிகளின் வாயிலாக இலண்டனில் மட்டும் ஏறத்தாழ மூன்று இலட்சம் சிறுவர் கட்டணமின்றிக் கல்வி பெற்றனர் என மதிப்பிடப்படுகிறது. சங்கத்தாரின் மற்றொரு முயற்சி, 1851ஆம் ஆண்டின் பெருங்கண்காட்சியையொட்டித் தோன்றிய காலணி மெருகிடும் சிறுவர் அணியாகும். அச்சிறுவரின் வருவாயில் ஒரு பகுதி அவர்கள் பெயரிலேயே சேமிப்பாக வைக்கப்பட்டது. பிச்சையிட்டு அனுப்புவதைக் காட்டிலும் இம்முறை சிறுவனின் மானத்தைக் காத்தது.

நமது ஆய்வுக்கு இவற்றினும் முக்கியமானது ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் 1841இல் வில்லியம் வாட்சன் என்னும் நீதி அதிகாரி தொடங்கிய பள்ளி. பிச்சை எடுத்தும் திருடியும் தம்முன் கொண்டுவரப்பட்ட சிறுவரைச் சிறைக்கு அனுப்புவதில் பயனில்லை எனக் கண்ட அவர், பசியே இக்குற்றங்களின் வேர் என்று உணர்ந்தார். அவர் பள்ளியில் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் பாடம், ஐந்து மணி நேரம் கைத்தொழில், மூன்று வேளை உணவு. இரவில் சிறுவர் தத்தம் வீடு திரும்பினர். எடின்பரோ நகரின் போதகரான தாமஸ் கத்ரி 1847இல் தொடங்கிய பள்ளியும் இம்முறையையே தழுவியது. வீடு எவ்வளவு ஏழ்மையானதாயினும் சிறுவனை அதனின்றும் பெயர்த்தெடுக்கலாகாது என்பதும், பகலில் உணவும் கல்வியும் பெற்று மாலையில் திரும்பும் சிறுவன் அவ்வீட்டிற்கே நன்மை கொண்டுசெல்வான் என்பதும் இம்முறையின் அடிப்படைக் கருத்துகள்.

3. சட்டம் என்னும் வேலி

பள்ளி எவ்வளவு சிறந்ததாயினும், சிறுவனை வேலைக்கு இழுக்கும் கை ஓயாதவரை அதன் இருக்கைகள் வெறுமையாகவே இருக்கும். இதனை ஷாப்ட்ஸ்பரி நன்கு உணர்ந்திருந்தார். 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஒன்பது வயதுக்குட்பட்டோரைப் பெரும்பாலான நெசவு, நூற்பு ஆலைகளில் அமர்த்துவதைத் தடைசெய்தது. ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு ஒன்பது மணி நேர வரம்பும், நாள்தோறும் இரண்டு மணி நேரக் கல்வியும் விதித்தது. ஊதியம் பெறும் அரசு ஆய்வாளர் நால்வர் நியமிக்கப்பட்டனர். தொகை சிறிதே ஆயினும், 1802ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாதிருந்த உயிர் இச்சட்டத்திற்கு இவர்களாலேயே வந்தது. பிறப்புகளைப் பதிவு செய்யும் முறை இங்கிலாந்தில் 1837இல்தான் தொடங்கியமையால், முதலாண்டுகளில் சிறுவனின் வயதை மருத்துவர் உடல் தோற்றத்தைக் கண்டே மதிப்பிட வேண்டியிருந்தது. ஒரு குழந்தையின் பெயரும் பிறந்த நாளும் ஏட்டில் எழுதப்படுவதும் மீட்புப் பணியின் ஒரு பகுதியே என்பதை இது காட்டுகிறது. 1842இல் வெளிவந்த சுரங்க அறிக்கை, இருண்ட சுரங்கங்களில் வண்டி இழுத்த சிறுவர் சிறுமியரின் படங்களோடு நாட்டை உலுக்கிற்று. அவ்வாண்டே பெண்டிரையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரையும் நிலத்தடி வேலையினின்று விலக்கும் சட்டம் நிறைவேறியது.

ஆனால் சட்டம் இயற்றுவது வேறு, சட்டம் நடப்பது வேறு. புகைபோக்கி துடைத்த சிறுவரின் வரலாறு இதற்குச் சான்று. குறுகிய புகைபோக்கிகளுக்குள் முழங்கையாலும் முழங்காலாலும் ஊன்றி ஏறிக் கரியைச் சுரண்டுவதே அச்சிறுவரின் வேலை. பலர் உள்ளேயே சிக்கி மூச்சடைத்து மாண்டனர். 1788இல் முதற்சட்டம் எட்டு வயதுக்குட்பட்டோரை விலக்கிற்று. நீண்ட தூரிகையால் துடைக்கும் கருவி 1803ஆம் ஆண்டளவிலேயே வந்துவிட்டது. 1834இலும் 1840இலும் 1864இலும் மேலும் சட்டங்கள் வந்தன. 1840ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தோரு வயதுக்குட்பட்ட எவரும் புகைபோக்கியில் ஏறலாகாது என்றே கூறிற்று. ஆயினும் சிறுவர் ஏறினர். ஏனெனில், வளைவுகள் நிறைந்த தம் புகைபோக்கிகளை மாற்றிக் கட்டும் செலவை மாளிகை உரிமையாளர் விரும்பவில்லை. வழக்கை விசாரிக்கும் நீதிபதிகளும் அத்தகைய மாளிகைகளிலேயே வாழ்ந்தனர்.

1875 பிப்ரவரியில், கேம்பிரிட்ஜுக்கு அருகில், ஒரு மருத்துவமனையின் புகைபோக்கிக்குள் ஏற்றப்பட்ட ஜார்ஜ் புரூஸ்டர் என்னும் சிறுவன் சிக்கி, வெளியே எடுக்கப்பட்டபின் சிறிது நேரத்தில் இறந்தான். அவன் வயது பதினொன்று என்பர். அவனை ஏற்றியவருக்கு ஆறு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. இம்மரணத்தைச் சுட்டி ஷாப்ட்ஸ்பரி கொண்டுவந்த சட்டம் அவ்வாண்டே நிறைவேறியது. புகைபோக்கி துடைப்போர் யாவரும் ஆண்டுதோறும் காவல்துறையிடம் உரிமம் பெறவேண்டும் என்ற ஒரு விதியே நிலைமையை மாற்றியது. முதற்சட்டத்திற்கும் இச்சட்டத்திற்கும் இடைப்பட்டவை எண்பத்தேழு ஆண்டுகள். குளிர்காயும் இனிய வீடுகளுக்கும் அவ்வீடுகளின் சுவருக்குள் ஏறிய சிறுவனுக்குமிடையே இருந்த உறவைச் சமுதாயம் காண மறுத்த காலம் அது.

4. இல்லமும் அதன் நிழலும்

வீடே இல்லாத சிறுவனுக்கு யார் பொறுப்பு? இக்கேள்விக்கு விடையாக எழுந்தவர் தாமஸ் பர்னார்டோ. 1845இல் டப்ளினில் பிறந்த இவர், சீன தேசத்தில் ஊழியம் செய்யும் நோக்கோடு 1866இல் இலண்டன் வந்து மருத்துவம் பயிலத் தொடங்கினார். கிழக்கு இலண்டனில் கந்தைப் பள்ளியொன்றை நடத்துகையில், இரவில் கூரைகளிலும் சந்துகளிலும் உறங்கும் சிறுவரைக் கண்டார். சீனா செல்லும் எண்ணம் மறைந்தது. 1870இல் ஸ்டெப்னி பகுதியில் சிறுவர் இல்லம் ஒன்றைத் திறந்தார். இடமில்லை எனத் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு சிறுவன் சில நாட்களில் குளிரிலும் பசியிலும் இறந்து கிடந்ததை அறிந்தபின், ஆதரவற்ற எக்குழந்தையையும் மறுப்பதில்லை என்று முடிவு செய்து, அதனை இல்லத்தின் வாயிலில் எழுதி வைத்தார் என அவர் வரலாறு கூறுகிறது. 1905இல் அவர் இறக்கும்பொழுது அறுபதாயிரத்தை நெருங்கும் சிறுவர் அவர் இல்லங்களில் சேர்க்கப்பட்டிருந்தனர். கிராமக் குடும்பங்களில் சிறுவரை வளரவிடும் முறையையும் அவர் கையாண்டார். இத்தொண்டின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

எனினும் இவ்வொளிக்கு ஒரு நிழலும் உண்டு. பெற்றோரின் இசைவின்றியே சில குழந்தைகளை அவர் வைத்துக்கொண்டார். அதனை அன்பின் பொருட்டுச் செய்த கடத்தல் என்னும் பொருள்பட அவரே ஒப்புக்கொண்டு நியாயப்படுத்தினார். 1891, 1892ஆம் ஆண்டுகளில் பிரபுக்கள் சபைவரை சென்ற இரு வழக்குகளில், குழந்தையைக் கேட்டு வந்த தாய்மாரின் பக்கமே தீர்ப்பு அமைந்தது. அவற்றுள் ஒன்றில் சிறுவன் முன்னமே கடல்கடந்து அனுப்பப்பட்டிருந்தான்.

கடல்கடந்து அனுப்பும் இம்முறையே அந்நூற்றாண்டின் மீட்புப் பணியில் பெரும்பிழையாயிற்று. 1869இல் மரியா ரை அம்மையாரும், 1870இல் ஆனி மக்பெர்சன் அம்மையாரும் சிறுவரைக் கனடாவுக்கு அழைத்துச் செல்லத் தொடங்கினர். பர்னார்டோவின் நிறுவனமும் வேறு பல நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. தூய காற்றும் பரந்த வயல்களும் சிறுவரைப் புதுப்பிக்கும் என அவர்கள் மெய்யாகவே நம்பினர். ஆனால் 1875இலேயே ஆண்ட்ரூ டாயில் என்னும் அரசு ஆய்வாளர், அச்சிறுவர் பண்ணைகளில் போதிய மேற்பார்வையின்றி விடப்பட்டதைத் தம் அறிக்கையில் கண்டித்திருந்தார். அறிக்கையால் கப்பல்கள் சிறிது காலமே நின்றன. பின் மீண்டும் ஓடின. கனடாவுக்கு மட்டும் ஏறத்தாழ ஓர் இலட்சம் சிறுவர் அனுப்பப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பப்பட்டனர். பெற்றோர் உயிரோடிருக்கையிலேயே அவர்கள் இறந்துவிட்டதாகப் பலருக்குச் சொல்லப்பட்டது. 2009 நவம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரும், 2010 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பிரதமரும் இதற்காகத் தம் நாட்டின் பெயரால் மன்னிப்புக் கோரினர். தெருச்சிறுவனைத் தொழிலினின்று மீட்கப் புறப்பட்ட இரக்கம், அவனை வேறொரு நாட்டில் கூலிச்சிறுவனாக்கியது.

அதே காலத்தில் மற்றொரு வழியும் திறந்தது. 1884இல் இலண்டனில் சிறுவர்க்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்ற பெஞ்சமின் வா, சுயாதீன சபையின் போதகர். அவர் சங்கத்தின் ஆய்வாளர், பெரும்பாலான குடும்பங்களில் குழந்தையைப் பிரிக்காமல், பெற்றோரை எச்சரித்தும் தொடர்ந்து கண்காணித்தும் வீட்டையே திருத்த முயன்றனர். பர்னார்டோவின் நிறுவனமும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தன் பெரிய இல்லங்களை மூடி, குடும்பங்களோடு சேர்ந்து பணியாற்றும் முறைக்கு மாறியது. ஒரு நூற்றாண்டைக் கடந்து அது வந்தடைந்த இடம், அபர்தீன் பள்ளி 1841இல் நின்ற இடத்திற்கு வெகுதொலைவில் இல்லை.

5. நம் நாட்டிற்கு வந்த வழி

இவ்வரலாறு நம் கரையையும் தொட்டது. பிரிஸ்டல் நகரில் கந்தைப் பள்ளியும் சீர்திருத்தப் பள்ளிகளும் நடத்திய மேரி கார்ப்பென்டர் அம்மையார் 1866 முதல் நான்கு முறை இந்தியா வந்தார். பெண்கல்வியோடு, இளங்குற்றவாளிகளைச் சிறையினின்று பிரித்துப் பயிற்றுவிக்கவும் வலியுறுத்தினார். 1876இல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் வந்தது. 1887இல் செங்கற்பட்டில் அத்தகைய பள்ளி தோன்றியது. இந்தியாவின் மாகாணங்களுள் முதன்முதலாகச் சிறுவர் சட்டம் இயற்றியது சென்னை, ஆண்டு 1920.

விடுதலைக்குப் பின் 1956இல் காமராசர் ஆட்சியில் விரிவடைந்த பள்ளி மதிய உணவுத் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் பசித்த சிறுவரைப் பள்ளிக்கு ஈர்த்து, மாலையில் வீட்டிற்கே அனுப்பின. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் சிறுவர் உழைத்ததைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு தனிக் கவனத்திற்குரியது. ஆபத்தான தொழிலில் சிறுவனை வைத்த முதலாளி, ஒரு சிறுவனுக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்தவேண்டும். அச்சிறுவனின் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை தேடித்தரவேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாய் அந்நிதிக்குச் சேர்க்கவேண்டும். சிறுவனின் விடுதலையைக் குடும்பத்தின் அடுப்போடு இணைத்து நோக்கிய தீர்ப்பு அது. 2009இல் ஆறு முதல் பதினான்கு வயதினர்க்குக் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டமாயிற்று. 2016இல் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்துவது தடைசெய்யப்பட்டது. பள்ளி நேரத்திற்குப் பின் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்களிக்கப்பட்டது. வீட்டிற்குள் நிகழும் உழைப்பை யார் காண்பர் என்னும் பழைய கேள்வி இவ்விலக்கில் இன்னும் உயிரோடிருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ, குழந்தையை நிறுவனத்தில் சேர்ப்பது இறுதி வழியாகவே இருத்தல் வேண்டும் என்பதை ஒரு கோட்பாடாகவே வகுத்துள்ளது.

6. நாம் கற்பது

கடன் கொடுத்தவன் தன் இரு குமாரரையும் அடிமைகளாக்க வந்திருப்பதாக விதவை ஒருத்தி எலிசாவிடம் முறையிட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம் (2 இராஜாக்கள் 4:1-7). கடனுக்கு ஈடாகச் சிறுவர் உழைக்கப் போகும் நிலை அன்றும் இருந்தது. தீர்க்கதரிசி அப்பிள்ளைகளைத் தம்மோடு அழைத்துச் செல்லவில்லை. கடன் தீரவும், மீந்ததைக் கொண்டு தாயும் பிள்ளைகளும் சேர்ந்து வாழவும் வழி செய்தார். நாயீன் ஊரில் நம் ஆண்டவர் உயிர்ப்பித்த இளைஞனை அவன் தாயிடமே ஒப்படைத்தார் (லூக்கா 7:15). யவீருவின் மகளை எழுப்பியபின், அவளுக்கு உண்ணக் கொடுக்குமாறு வீட்டாருக்குக் கட்டளையிட்டார் (மாற்கு 5:43). உயிர், உணவு, உறவு ஆகிய மூன்றும் இந்நிகழ்ச்சிகளில் பிரியாது நிற்கின்றன.

வீடே ஆபத்தாயுள்ள குழந்தைகளும், வீடே இல்லாத குழந்தைகளும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஸ்டெப்னியில் இடமின்றித் திரும்பி இறந்த சிறுவன் அதற்குச் சாட்சி. அத்தகையோர்க்கு இல்லத்தின் கதவு திறந்தே இருத்தல் வேண்டும். ஆனால் ஏழ்மை ஒன்றே காரணமாகப் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படும் குழந்தைக்கு நாம் செய்வது மீட்பாகாது. அவ்விடத்தில் தேவைப்படுவது தகப்பனுக்கு வேலை, தாய்க்கு நியாயமான கூலி, கடனினின்று விடுதலை, வீட்டிற்கு அருகில் ஒரு நல்ல பள்ளி.

ஆகவே விடுதிகளையும் இல்லங்களையும் நடத்தும் சபையார் ஆண்டுதோறும் தம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்விகள் சில உள. இங்குள்ள குழந்தைகளுள் எத்தனை பேருக்கு உயிரோடிருக்கும் தாயோ தகப்பனோ உண்டு? அவர்களை நாம் கடைசியாகச் சந்தித்தது எப்பொழுது? குழந்தை வீடு திரும்புவதற்குத் தடையாயிருப்பது எது? அத்தடையை நீக்க இவ்வாண்டு நாம் என்ன செய்தோம்? இல்லத்திற்கு வரும் நன்கொடை, குழந்தைகளின் தொகை குறையும்பொழுது குறையுமாயின், அக்குழந்தைகள் அங்கேயே இருப்பதில் நமக்கே ஆதாயம் ஏற்பட்டுவிடும் என்பதையும் அஞ்சவேண்டும்.

மேலும், 1802ஆம் ஆண்டுச் சட்டம் குருவானவரிடம் அளித்து, அவர் நழுவவிட்ட பொறுப்பு இன்று வேறு வடிவில் நம்மிடம் வந்துள்ளது. நம் சேகரத்திற்குட்பட்ட செங்கற்சூளையிலும் உணவுவிடுதியிலும் பட்டறையிலும் பள்ளி நேரத்தில் நிற்கும் சிறுவனை நாள்தோறும் நாம் காண்கிறோம். அவன் பெயர் என்ன, எவ்வூரினன், அவன் வீட்டின் கடன் எவ்வளவு என்று கேட்டறிவதும், 1996இல் மும்பையில் தொடங்கி நாடெங்கும் பரவிய 1098 என்னும் தொலைபேசி எண்ணுக்குச் செய்தி சொல்வதும் எந்தச் சேகரத்தாலும் இயலக்கூடியவை. அவனை மீட்டபின் அவன் வீட்டு வாசல்வரை உடன் செல்வது அதனினும் கடினமான பணி. அவ்வாசலை அடையும்வரை நம் பணி முடிந்ததாக எண்ணலாகாது.